அஞ்சலாட்சி இன்னும் பதில் போடவில்லை

ஜூலை 17, வியாழன்

விடிந்ததிலிருந்து காற்று. கொடியில் போட்ட வேட்டி எதிர்வீட்டு மாடிக்குப் போய்விட்டது. மாரியம்மன் கோயிலில் புதிதாக மைக் கட்டியிருக்கிறார்கள். பாட்டு நிற்கவே இல்லை.

சாயங்கால வகுப்பு டீச்சர் சொன்னது: தினமும் இல்லாவிட்டாலும் தோன்றும்போது நாலு வரி எழுதுங்கள், யாரும் திருத்த மாட்டார்கள், யாரும் பார்க்க மாட்டார்கள். சரி.

பெயர்: சவரிமுத்து. ஊர்: கடலூர், செம்மண்டலம். தொழில்: பேக்கரியில் அடுப்பு வேலை. இப்போது இல்லை. மகள் ஸ்டெல்லா வீட்டில் இருக்கிறேன். மருமகன் லாரியில் வடக்கே போயிருக்கிறார்.

எழுதியதை ஒரு முறை வாய்விட்டுப் படித்தேன். என் பெயரை நானே எழுதி, நானே படிக்கிறேன். இந்த வயதில் கிடைத்த ருசி.

இன்று ஒரு பெரிய வேலை முடிந்தது. அஞ்சலாட்சிக்கு அந்தக் கேள்வியை அனுப்பிவிட்டேன். (நீளமான பெயர். விரல் வலிக்கிறது. இனி அ. என்று எழுதுவேன்.)

அ. யார் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுத ஆசையாக இருக்கிறது. புதுச்சேரிக்குக் கண்புரை ஆபரேஷனுக்கு வேனில் கூட்டிப் போனார்கள். சிதம்பரத்து ஆட்கள் முன்பே ஏறி உட்கார்ந்திருந்தார்கள். அதில் அவரும் ஒருவர். ஆபரேஷன் முடிந்து ஒற்றைக் கண்ணில் கட்டோடு ஒரே பெஞ்சில் கிடந்தோம். பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்து ரிட்டயர் ஆனவர். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகனும் மருமகளும் உண்டு. என் சொட்டு மருந்துச் சீட்டை அவர்தான் படித்துச் சொன்னார். கிளம்பும்போது நம்பர் கேட்டேன்.

“போன்ல பேசினா எங்க வூட்ல அத்தினி பேர் காதுலயும் வுழும், பேக்கரிக்காரரே. எழுதி அனுப்புங்க. எழுத்துன்னா எனக்கு மட்டும்தான்.”

சரி என்று தலையை ஆட்டினேன். அப்போது எனக்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஊர் திரும்பிய வாரமே வகுப்பில் சேர்ந்தேன்.

அனுப்பிய கேள்வி இது: “உங்கள் வீட்டுக்கு வந்து உங்கள் மகனிடம் நம்மைப் பற்றிப் பேசட்டுமா?”

டீ குடித்துவிட்டு உட்கார்ந்தேன். முடித்தபோது ஸ்டெல்லா சோறு வடித்திருந்தாள். அனுப்பிவிட்டுப் போனைத் தலையணைக்கு அடியில் வைத்தேன். பிறகு எடுத்தேன். பிறகு வைத்தேன்.

ஜூலை 18, வெள்ளி

காற்று குறையவில்லை. கத்திரிக்காய் சாம்பார்.

இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டது. பார்த்துவிட்டார். பதில் இல்லை.

அவர் எப்போதும் மெதுவாகத்தான். போன் அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் மேலே சார்ஜில் கிடக்கும். மருமகளும் அதைத்தான் எடுப்பாள். ஆளில்லாத நேரம் பார்த்து அடிக்க வேண்டும். காலையில் “என்ன டிபன்?” என்று கேட்டால் மறுநாள் “இட்லி” என்று வரும். எந்த நாள் இட்லி என்று தெரியாது. ஆனாலும் எனக்குப் பசி ஆறிவிடும்.

ஜூலை 20, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை. சாமியார் நல்ல பிரசங்கம் செய்தார் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு ஒரு வரி காதில் விழவில்லை. நடுவில் சட்டைப் பையில் போன் துடித்தது.

அ.: “கண்ணுக்கு மருந்து விட்டீங்களா? காத்து ஜாஸ்தியா இருக்கு. கண்ணாடி போட்டுக்குங்க.”

அவ்வளவுதான். நான் கேட்டதைப் பற்றி ஒன்றுமில்லை.

“அப்பா, கோயில்ல போனப் பாக்குறீங்க.”

“நேரம் பாத்தேன்மா.”

“நேரம் பாத்தா சிரிப்பு வருமா?”

ஸ்டெல்லா அவள் அம்மாவைப் போலத்தான். கண் எங்கேயோ இருக்கும், கவனம் இங்கே இருக்கும்.

ஜூலை 23, புதன்

கெடிலம் பாலத்தைத் தாண்டித் திருப்பாதிரிப்புலியூர் வரை நடந்தேன். வேலை ஒன்றுமில்லை. படிப்பதற்காக.

படித்தவை: மெடிக்கல். பிரியாணி. வாகனங்களை நிறுத்தாதீர். ஆடித் தள்ளுபடி. ஆடி அதிரடி. இன்று கடை விடுமுறை. ஆடிச் சிறப்பு விற்பனை. ஒவ்வொன்றின் முன்னும் நின்று கூட்டிப் படித்தேன். ஒரு துணிக்கடைப் பெண் “உள்ள வாங்க தாத்தா” என்றாள். “படிச்சிட்டு இருக்கம்மா” என்றேன்.

திரும்பும்போது தெருமுனையில் கலியமூர்த்தியின் இஸ்திரி வண்டி. வாலிப வயதிலிருந்து பழக்கம். அவனுக்கு அ. பற்றித் தெரியும். கேள்வியைப் பற்றிச் சொல்லவில்லை.

“இன்னா மச்சான், சிதம்பரத்துலேர்ந்து தகவல் வந்துச்சா?”

“மருந்து விட்டீங்களான்னு வந்துச்சு.”

“அவ்ளோதானா? நீ ஒடனே ஒடனே பதில் போடற, அதான் மதிப்பு இல்ல. கொஞ்ச நாளு கம்முனு இரு. தானா தேடுவாங்க.”

“நான் ஒடனே போடறனா? நான் ஒரு வரி அடிக்கிறதுக்குள்ள உன் பொட்டி நெருப்பு அணைஞ்சு போவும்.”

“நான் சொல்றதக் கேளு. ஆம்பளன்னா கொஞ்சம் கெத்து வேணும்.”

அவன் மனைவி அவனைத் தேடி வந்தாள். கலியமூர்த்தி பேச்சை மாற்றிவிட்டான்.

ஜூலை 25, வெள்ளி

கெத்தாக இருந்து பார்த்தேன். காலையில் அ.விடமிருந்து: “முருங்கைக்கீரை பொரியல்.” நான் பதில் போடவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தேன். முற்றத்துக்குப் போனேன். சைக்கிளைத் துடைத்தேன். சைக்கிள் இப்போது நான் ஓட்டுவதில்லை.

அடுப்பங்கரையில் தனியாக நின்று, யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டே, முருங்கைக்கீரை என்று ஒவ்வோர் எழுத்தாக அடித்திருப்பார். அதற்கு நான் கெத்து காட்டுகிறேன்.

மத்தியானத்துக்கு முன்பே “எனக்கும் பிடிக்கும்” என்று அனுப்பிவிட்டேன். கலியமூர்த்தியிடம் சொல்லக் கூடாது.

ஜூலை 29, செவ்வாய்

வெயில். காற்று அப்படியே. கேள்விக்குப் பதில் இல்லை. காரணம் என்னவாக இருக்கும்?

1. மகன் போனைப் பார்த்துவிட்டான்.
2. நான் வேதக்காரன். அவர் நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர்.
3. இந்த வயதில் ஊர் சிரிக்கும் என்று பயம்.
4. உடம்பு சரியில்லை. (இல்லை. கீரை ஆய்ந்திருக்கிறார்.)
5. விருப்பமில்லை. சொல்ல மனசு வரவில்லை.

ஐந்தாவதை எழுதிவிட்டு அடித்தேன். மறுபடி எழுதினேன். உண்மையாக இருந்தால் அடித்துவிட்டு என்ன பயன்?

ஒன்று மட்டும் தெரிகிறது. இதற்கு முன்பு இல்லை என்ற சொல்லுக்கு நான் இப்படி பயந்ததில்லை. மாவு புளிக்கவில்லை, மைதா இல்லை, சம்பளம் இன்றைக்கு இல்லை, எல்லாம் கேட்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

அ.விடமிருந்து போட்டோ! இலையில் புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு. கீழே எழுத்து: “இன்னிக்கிப் பதினெட்டாம் பெருக்கு. ஆத்தங்கரைக்குப் போனோம். சாப்பிடும்போது உங்கள நெனச்சிகினேன்.”

உங்கள நெனச்சிகினேன். இதைப் படிக்க எனக்குக் கூட்டவே வேண்டியிருக்கவில்லை. பார்த்ததும் படித்துவிட்டேன், பெரிய படிப்பு படித்தவன் மாதிரி.

தைரியம் வந்து, “நான் கேட்டது?” என்று அனுப்பினேன்.

நீலம். பதில் இல்லை. நினைத்துக்கொள்கிறார், ஆனால் சொல்ல மாட்டேன் என்கிறார். இது என்ன கணக்கு?

ஆகஸ்ட் 8, வெள்ளி

சிதம்பரம் போய் வந்தேன். ஸ்டெல்லாவிடம் பேக்கரி முதலாளியைப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னேன்.

பஸ் ஸ்டாண்டில் யாரையும் கேட்கவில்லை. நானே போர்டைப் படித்து ஏறினேன். கண்டக்டர் கேட்டார்: “பெரியவரே, இது சிதம்பரம் போவுது. சரியா ஏறியிருக்கீங்களா?”

“போட்டிருக்கே, முன்னாடி.”

அவருக்கு அது சாதாரணம். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன், முகம் காட்டிக்கொடுத்துவிடும். ஆலப்பாக்கம் படித்தேன். புதுச்சத்திரம் படித்தேன். வெள்ளாற்றுப் பாலத்தில் காற்று கண்ணாடியைப் பிடுங்கப் பார்த்தது.

இறங்கி, “வந்திருக்கேன். பஸ் ஸ்டாண்டு” என்று அனுப்பினேன். பதில் வர நாளாகும் என்று டீ சொல்லப் போனேன். டீ வருவதற்குள் அவரே வந்து நின்றார். கையில் தூக்குவாளி, வேகமாக நடந்த மூச்சு.

“இன்னா பேக்கரிக்காரரே, சொல்லாம கொள்ளாம?”

“சொன்னா பதில் வராதே.”

“கோயில்ல கூழ் ஊத்துனாங்க. வாங்கிகினு திரும்புறேன், போன் அடிக்குது. குடிப்பீங்கல்ல? உங்க சாமி ஒண்ணும் சொல்லாதே?”

“தொட்டுக்க வெங்காயம் இருந்தா ஒண்ணும் சொல்லாது.”

சிரித்தார். கண் கட்டோடு பார்த்த சிரிப்பு, இப்போது இரண்டு கண்ணாலும் பார்த்தேன். வேப்பமரத்தடியில் தூக்குவாளி மூடியிலேயே ஊற்றிக் கொடுத்தார். கருவாடும் இருந்தது. நான் குடித்து முடிக்கும் வரை நின்றுகொண்டே இருந்தார். பிறகு கேட்டேன்.

“நான் கேட்டது மறந்துபோச்சா?”

“மறக்குற விஷயமா அது?”

“அப்ப சொல்லுங்க.”

“இப்ப நான் வாயத் தொறக்க மாட்டேன்.”

“வூடு பக்கம்தானே? ஒரு எட்டு வந்து உங்க மகனப் பாத்துட்டு…”

“இப்பவா!” பயந்துவிட்டார். தூக்குவாளியைப் பிடுங்காத குறையாக வாங்கினார். “நல்லா இருக்கே! வேற வினையே வேணாம். மொதல்ல பஸ் ஏறுங்க.”

ஏற்றியும் விட்டார். ஜன்னலுக்குக் கீழே நின்று, “காத்துல கண்ணாடியக் கழட்டாதீங்க” என்றார். பஸ் நகர்ந்த பிறகும் நின்றார்.

திரும்பும் வழியில் ஒரு போர்டையும் படிக்கவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

மனசு சரியில்லை. வீட்டுக்குள் வரக் கூடாத ஆளா நான்? காலையில் கலியமூர்த்தியிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். கேள்வி, நீல டிக், கூழ், வினை.

துணியைப் பார்த்துக்கொண்டே கேட்டான். “எப்ப கேட்ட மச்சான் இந்தக் கேள்விய?”

“போன மாசம். கோயில்ல மைக் கட்டுனாங்களே, அன்னிக்கி.”

பெட்டியை நிமிர்த்தி ஓரமாக வைத்தான். “ஆடி ஒண்ணாந்தேதியா?”

“பதினேழாந்தேதி.”

“யோவ்! ஆடி மாசத்துல எவனாவது பொண்ணு கேப்பானா?”

அப்புறம் சிரித்தான் பாருங்கள், வண்டியின் சக்கரம் ஆடியது. “ஊரு பூரா ஆடி ஆடின்னு போர்டு வெச்சிருக்கான். நீயும் ஒண்ணு வுடாம எழுத்துக் கூட்டிப் படிச்ச!”

“அது துணிக்கடைக்காரன் சமாச்சாரம்னு நெனச்சேன்.”

“ஆடியில நல்ல காரியம் பேசினா வெளங்காதுன்னு அந்தம்மா வாயக் கட்டிகினு கெடக்குது. நீ பஸ் ஏறிப் போயி வூட்டுக்கு வரட்டுமாங்கற. வாளியால அடிக்காம வுட்டாங்களே.”

“ஆடி முடியட்டும்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா? சரின்னு சொன்ன மாதிரி ஆயிடாதா? அதுவே நல்ல பேச்சுதான மச்சான். அது மட்டும் ஆடியில பேசலாமா? அதோட இதெல்லாம் எடுத்துச் சொல்ற விஷயமா? எல்லாருக்கும் தெரிஞ்சதுதானன்னு நெனச்சிருப்பாங்க.”

“வேணாம்னு சொல்றதா இருந்தா?”

கலியமூர்த்தி பெட்டியை எடுத்தான். ஒரு சட்டைக் காலரை முழுசாகத் தேய்த்துவிட்டுச் சொன்னான். “வேணாம்னு சொல்ல எதுக்கு நல்ல நாள் பாக்கணும்? அதுக்கு ஆடியே போதும்.”

வீட்டுக்கு வந்து யோசித்தேன். எங்களுக்கும் தவக்காலம் உண்டு. சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை கோயிலில் கல்யாணம் கிடையாது. அந்த நாளில் யாராவது ஸ்டெல்லாவைக் கேட்டு வந்திருந்தால் நானும் வாசலோடு அனுப்பியிருப்பேன். வந்தவன் முகம் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

சின்னத் தூறல். காலண்டர் தாளில் கீழே பொடி எழுத்தில் தமிழ் மாதம் போட்டிருக்கிறது. இத்தனை நாள் மேலே உள்ள பெரிய எண்ணை மட்டும் பார்த்திருக்கிறேன். ஆவணி பிறப்பது ஞாயிற்றுக்கிழமை.

இப்போது காத்திருப்பது வேறு மாதிரி இருக்கிறது. பேக்கரியில் பன்னை அடுப்புக்குள் தள்ளிக் கதவை மூடிவிட்டு நிற்போமே, அந்த மாதிரி. திறந்து திறந்து பார்த்தால் அமுங்கிவிடும்.

அ.வுக்கு: “என்ன டிபன்?” வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

“தோசை.”

ஆகஸ்ட் 13, புதன்

ஸ்டெல்லாவிடம் சொன்னேன். நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். எதிரே முக்காலியில் உட்கார்ந்து, தொண்டையைச் சரிசெய்து, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் புதுச்சேரி வேனில் ஆரம்பித்தேன்.

“யாரு, அஞ்சலாட்சி அம்மாவா?” என்றாள், தலை நிமிராமல்.

“உனக்கு எப்படி…”

“ஒவ்வொரு எழுத்தையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி அடிக்கிறீங்கப்பா. தெருவுக்கே கேக்குது.”

உட்கார்ந்திருந்த இடத்திலேயே எனக்கு வேர்த்துவிட்டது. எழுத்தென்றால் அவருக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டு இங்கே மைக் கட்டியிருக்கிறேன்.

“அந்தக் கேள்வியையும் கேட்டியா?”

“கேட்டேன். நீங்க ‘ம-க-னி-ட-ம்’னு அடிச்சிட்டு இருந்தீங்க. நான் அடுப்பங்கரையில நின்னு அழுதேன். அப்பறம் சோறு வடிச்சேன்.”

சுவரில் அவள் அம்மா படம். அதை அவள் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. இருவரும் பார்க்கவில்லை என்பது இருவருக்கும் தெரிந்தது.

“வேணாம்னா வுட்டுடறேன்மா.”

“நான் வேணாம்னு சொன்னனா? அழுதேன்னுதான சொன்னேன்.” கையைக் கழுவினாள். “அவுங்க சாமி கும்புடறவங்களாச்சே?”

“அவுங்க கோயிலுக்கு அவுங்க. நம்ம கோயிலுக்கு நான்.”

“மீன் சாப்புடுவாங்களா?”

“கருவாடெல்லாம் தின்பாங்க.”

“அப்ப சரி.” கொஞ்ச நேரம் கழித்து: “நானும் வரேன். பொண்ணு கேட்டு ஒத்த ஆளா போவாங்களா யாராச்சும்?”

நெத்திலி வறுவல். நன்றாக இருந்தது. உப்பு கொஞ்சம் ஜாஸ்தி. சொல்லவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாதா விண்ணேற்புத் திருநாள், சுதந்திர தினக் கொடியேற்றம், இரண்டும். வகுப்பில் மிட்டாய் கொடுத்தார்கள். டீச்சர் என்னைக் கரும்பலகையில் ஏதாவது எழுதச் சொன்னார். சிதம்பரம் என்று எழுதினேன். “ஏன் சிதம்பரம்?” “எழுத அழகா இருக்கு டீச்சர்.”

சாயங்காலம் திடீரென்று பயம். கலியமூர்த்தி சொன்னது எல்லாம் கலியமூர்த்தி சொன்னது. அ. சொல்லவில்லையே.

ஆகஸ்ட் 16, சனி

முடி வெட்டிக்கொண்டேன். வெள்ளைச் சட்டையைக் கலியமூர்த்தியிடம் கொடுத்தேன். சட்டையைத் தட்டினால் பலகை மாதிரி சத்தம் வரும்படி தேய்த்துக் கொடுத்தான்.

மாரியம்மன் கோயிலில் மைக்கைக் கழற்றுகிறார்கள். ஆடி போகிறது.

அ. ஒன்றும் அனுப்பவில்லை. நானும் அனுப்பவில்லை.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

கோயில் படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். பூசை முடிந்துவிட்டது. காற்றே இல்லை.

காலையில் கண் விழித்ததும் ஜெபம் சொல்ல வேண்டும். போனை எடுத்துவிட்டேன். ஆண்டவர் மன்னிப்பார். எனக்கு முன்பே எழுந்து அனுப்பியிருக்கிறார்:

“ஆவணி பொறந்துடுச்சி. இன்னிக்கி ஞாயித்துக்கிழமை, நீங்க பூசைக்குப் போவணும். முடிச்சிட்டு வாங்க. நாலரைக்கு மேல ராகு காலம், அதுக்குள்ள வந்துடுங்க. மகன் கிட்ட நானே சொல்லிட்டேன். வூட்ல இருக்கான்.”

எத்தனை முறை படித்தேன் என்று தெரியாது. முதலில் கூட்டிப் படித்தேன். பிறகு கூட்டாமல். பிறகு போனை மூடிவிட்டுப் படித்தேன்.

அவருடைய ஆடி எனக்குத் தெரியவில்லை. என் ஞாயிற்றுக்கிழமை அவருக்குத் தெரிந்திருக்கிறது. பூசையில் அதை நினைத்துத்தான் அழுதேன். பக்கத்தில் இருந்தவர் பிரசங்கத்துக்காக என்று நினைத்துத் தோளைத் தட்டினார்.

இப்போதுதான் பதில் போட்டேன். முதலில் வருகிறேன் என்று அடித்தேன். பிறகு அதை அழித்துவிட்டு “வருகிறோம்” என்று போட்டேன். வாயைத் திறக்காமல் அடித்தேன்.

போனைப் பையில் வைக்கவில்லை, அதற்குள் துடிக்கிறது. அவர்தான். உடனே! இந்த மாதிரி ஒரு நாளும் நடந்ததில்லை.

“எத்தினி பேரு? உலை வெக்கணும்.”

ஸ்டெல்லா பழத்தட்டோடு கேட் அருகே நின்று கூப்பிடுகிறாள். இருடி. ‘ரெண்டு’ என்று அடித்துக்கொண்டிருக்கிறேன். அவளுக்குப் பின்னால் யார்? கலியமூர்த்தி, சலவை வேட்டியில். மாப்பிள்ளை வீட்டு ஆளாம்.

அப்படியானால் மூன்று. முதலிலிருந்து அடிக்க வேண்டும்.